தோன்றாத எழுவாய், எழுதாத பெயர்: பண்டைய கிரேக்கத்தில் "யார்" என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

#1 வெண்பலகை

வணக்கம். ஒன்றரை வருடமாக வீட்டிலிருந்தபடியே பண்டைய கிரேக்கம் படித்து வருகிறேன். வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம். வினை விகுதிகள் மனப்பாடம், வேற்றுமைகளும் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. அந்தத் தைரியத்தில், பாரசீக இளவரசன் சைரஸின் படையெடுப்பைச் சொல்லும் செனபோனின் 'அனபாசிஸ்' நூலைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

சொற்களுக்கெல்லாம் பொருள் தெரிகிறது. யார் யாரை என்ன செய்தார்கள் என்பதுதான் பிடிபடவில்லை. கிரேக்கத்தில் இருப்பதை மட்டும் வைத்து, எதையும் சேர்க்காமல் தமிழில் எழுதிப் பார்த்தேன்:

"தாரியஸுக்கும் பரிசாத்திஸுக்கும் இரண்டு பிள்ளைகள் பிறக்கிறார்கள், மூத்தவன் அர்த்தசெர்க்சஸ், இளையவன் சைரஸ். தாரியஸ் நோயுற்று, வாழ்வின் முடிவு வந்துவிட்டதோ என்று நினைத்தபோது, பிள்ளைகள் இருவரும் உடனிருக்க விரும்பினான். மூத்தவன் அங்கேயே இருந்தான். சைரஸை வரவழைக்கிறான்."

வரவழைப்பது யார்? கடைசியாக வந்த எழுவாய் "மூத்தவன்". அப்படியானால் அண்ணன் தம்பியைக் கூப்பிடுகிறானா? சில வரிகள் தள்ளி இன்னும் மோசம். தாரியஸ் இறந்து அர்த்தசெர்க்சஸ் அரசனாகிறான். சைரஸ் சதி செய்வதாகப் பாரசீக ஆளுநன் திசாபெர்னஸ் அண்ணனிடம் கோள் சொல்கிறான். பிறகு:

"அவனோ நம்புகிறான், சைரஸைப் பிடிக்கிறான், கொல்லும் எண்ணத்தோடு. தாயோ கெஞ்சிக் கேட்டு மீட்டுத் திரும்ப அனுப்புகிறாள். அவனோ ஆபத்துக்கும் அவமானத்துக்கும் ஆளாகித் திரும்பியதும், இனி ஒருநாளும் அண்ணன் கைக்குள் இருக்கக் கூடாது என்று யோசிக்கிறான்."

இரண்டு "அவனோ". முதலாவது அண்ணன், இரண்டாவது தம்பி. கதை தெரிந்ததால் சொல்கிறேன், இலக்கணத்தால் அல்ல. ஒவ்வொரு வரிக்கு மேலும் பென்சிலால் பெயர்களை எழுதிக்கொண்டு போகலாமா என்று யோசிக்கிறேன். இதற்கு ஏதாவது விதி உண்டா?

#2 பழந்தாள்

பென்சிலைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள் அம்மா. அது பழக்கமாகிவிட்டால் கிரேக்க வரியைப் பார்க்காமல் உங்கள் கையெழுத்தையே வாசிக்கத் தொடங்கிவிடுவீர்கள். நான் அப்படித்தான் இரண்டு வருடம் வீணாக்கினேன்.

நீங்கள் "அவனோ" என்று எழுதியது மிகச் சரி. கிரேக்கத்தில் அது "ஹொ தெ". "ஹொ" என்பது ஆர்ட்டிகிள் (ஆங்கில "the" போன்ற சொல்), "தெ" நம்முடைய ஓகாரம் மாதிரி ஒரு சின்ன இடைச்சொல். பெயர் எதுவும் சேராமல் வாக்கியத் தொடக்கத்தில் "ஹொ தெ" வந்தால், எழுவாய் மாறிவிட்டது என்று பொருள். இதுவரை செயலைச் செய்துகொண்டிருந்தவன் விலகிக்கொள்கிறான், சற்று முன் வேறு வேற்றுமையில் நின்ற இன்னொருவன் முன்னால் வருகிறான். திசாபெர்னஸ் கோள் சொன்னான். யாரிடம்? அண்ணனிடம். அடுத்து "ஹொ தெ நம்புகிறான்". சொன்னவன் போனான், கேட்டவன் வந்தான். இரண்டாவதும் அப்படியே: அனுப்பியவள் தாய், அனுப்பப்பட்டவன் தம்பி, ஆகவே "ஹொ தெ" தம்பி.

அதோடு செனபோன் இன்னொரு கைப்பிடியும் தருகிறார். "ஆபத்துக்கு ஆளாகி, அவமானப்பட்டு" என்ற இரண்டு பார்ட்டிசிப்பிள்களும் (நம் வினையெச்சம் போன்ற சொற்கள்) எழுவாயோடு ஒட்டி ஆண்பால், ஒருமை, முதல் வேற்றுமையில் நிற்கின்றன. அந்த அரண்மனையில் அப்போது அவமானப்பட்டது யார் என்று ஐயம் வராது.

"சைரஸை வரவழைக்கிறான்" பற்றி. அதற்கு முந்தைய வரியில் "மூத்தவனோ" என்பதோடு "மென்" என்று ஒரு இடைச்சொல் இருக்கிறது, பார்த்தீர்களா? "மென்" வந்தால் "தெ" வரும் என்று காது காத்திருக்கும். "மூத்தவன் மென்... சைரஸை தெ...". எதிரெதிரே நிறுத்தப்படுவது பிள்ளைகள் இருவரும்தான். அந்த இருவரையும் பார்த்துக்கொண்டு படுக்கையில் கிடப்பவன் தாரியஸ். "விரும்பினான்" என்ற வினையின் எழுவாய் இன்னும் மேடையை விட்டு இறங்கவே இல்லை. "மூத்தவன் அங்கேயே இருந்தான்" என்பது இடையில் சொன்ன ஒரு தகவல், அவ்வளவுதான்.

"மூத்தவன்" என்று நீங்கள் எழுதிய இடத்தையும் கவனியுங்கள். கிரேக்கத்தில் "மூத்த" என்ற அடைமொழியும் ஆர்ட்டிகிளும் மட்டுமே உண்டு. "பிள்ளை" என்ற பெயர் இல்லை. தமிழில் விகுதி செய்கிற வேலையை அங்கே ஆர்ட்டிகிள் செய்கிறது.

#3 கடலோடி

எனக்குக் கிரேக்கம் தெரியாது, தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுத்த அனுபவம் உண்டு. படித்த வரையில் இது நமக்குப் புதிதே இல்லையே? "வந்தேன்" என்றால் நான், "வந்தாய்" என்றால் நீ. தோன்றா எழுவாய் என்று பள்ளியிலேயே படிக்கிறோம். ஆங்கிலம் வழியாகக் கிரேக்கம் படிக்கிறவர்களுக்குத்தான் இது விநோதமாக இருக்கும். தமிழர்கள் நேராகப் போனால் இந்தச் சிக்கலே வராது என்று நினைக்கிறேன். எங்கே தவறுகிறேன்?

#4 தறிநூல்

கடலோடி அண்ணா, தன்மையிலும் முன்னிலையிலும் நீங்கள் சொல்வது அப்படியே சரி. "லெகோ" சொல்கிறேன், "லெகெய்ஸ்" சொல்கிறாய். பெயர் தேவையில்லை. ஆர்க்கிமிடீஸ் கத்தியதாகச் சொல்லும் "ஹெவ்ரேக்கா" ஒரே சொல்: கண்டுபிடித்துவிட்டேன். நான் என்பதும் இல்லை, எதை என்பதும் இல்லை. தமிழிலும் ஒரே சொல்லில் வந்துவிடுகிறது. "எகோ", அதாவது நான், என்று கிரேக்கன் தனியாகச் சொன்னால் அழுத்திச் சொல்கிறான், வேறொருவனிலிருந்து தன்னைப் பிரித்துச் சொல்கிறான் என்று அர்த்தம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த அப்பொல்லோனியஸ் திஸ்கொலஸ் என்ற இலக்கணக்காரர் இதை விளக்கியே எழுதியிருக்கிறார். நமக்கும் "நான் வந்தேன்" என்பதில் அந்த அழுத்தம் கேட்கும்.

படர்க்கைக்குப் போனதும் நிலைமை மாறுகிறது. "லெகெய்". சொல்கிறானா, சொல்கிறாளா, சொல்கிறதா? கிரேக்க வினைமுற்று சொல்லாது. அதில் இடமும் எண்ணும் உண்டு, பால் கிடையாது. நமக்கு "சொல்கிறாள்" என்ற ஒரு சொல்லே உயர்திணை, பெண்பால், ஒருமை, படர்க்கை என எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறது. ஆக, தமிழன் வினையைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துப் பழகியவன். கிரேக்கத்தில் அதே இடத்தைத் தேடினால் அங்கே ஒன்றும் இருக்காது.

சரி, அங்கே பால் எங்கே ஒளிந்திருக்கிறது? நாம் எதிர்பார்க்காத இடத்தில், பார்ட்டிசிப்பிளில். தமிழில் "சொல்லி" என்ற வினையெச்சத்துக்குப் பால் இல்லை. அவனும் சொல்லி, அவளும் சொல்லி, அதுவும் சொல்லி. கிரேக்கத்தில் "எய்போன்" என்றால் சொன்ன ஆண், "எய்பூசா" என்றால் சொன்ன பெண். எண்ணும் வேற்றுமையும் சேர்ந்தே வரும். அதாவது இரண்டு மொழியும் ஆளை அடையாளம் காட்டுகின்றன, ஆனால் நேர் எதிரான இடங்களில். நமக்கு முற்றில் பால் உண்டு, எச்சத்தில் இல்லை. அவர்களுக்கு எச்சத்தில் உண்டு, முற்றில் இல்லை.

இது பிடிபட எனக்கு நெடுங்காலம் ஆயிற்று. பிடிபட்ட அன்றிலிருந்து கிரேக்க வாக்கியத்தை வாசிக்கும் முறையே மாறிவிட்டது. வினைமுற்றைத் தேடி ஓடுவதை விட்டேன். வழியில் வருகிற ஒவ்வொரு பார்ட்டிசிப்பிளின் விகுதியிலும் நின்று போகிறேன்.

வெண்பலகை, உங்கள் பத்தியிலேயே பாருங்கள். "தாயோ கெஞ்சிக் கேட்டு": அந்தக் கெஞ்சலில் பெண்பால் விகுதி இருக்கிறது. "அனுப்புகிறாள்" என்ற வினையில் இல்லை.

#5 வெண்பலகை

அக்கா, இதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. ஆங்கில வழிப் புத்தகம் என்பதால் அதற்குத் தோன்றவே வாய்ப்பில்லை போலும். இன்று மறுபடி முதல் அத்தியாயத்தை எடுத்துப் பார்ட்டிசிப்பிள்களை மட்டும் கோடிட்டேன். பாதி "யார்" தானாகவே விழுந்துவிட்டது.

ஆனால் ஒரு சந்தேகம். வேண்டுமென்றே மறைப்பதும் உண்டா? கேட்பவருக்குத் தெரியும் என்பதால் விடுவது வேறு, தெரியக்கூடாது என்று விடுவது வேறு அல்லவா?

#6 தறிநூல்

உண்டு. அதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகான உதாரணம் கவிஞர் சாப்போ.

லெஸ்பொஸ் தீவில் கி.மு. 600ஐ ஒட்டி வாழ்ந்தவர். அவர் பாடல்களில் முழுதாக நமக்குக் கிடைத்திருப்பது காதல் தேவி அப்ரொதித்தேயை அழைக்கும் பாட்டு ஒன்றுதான் என்று சொல்லலாம். ஹலிகர்னாசஸ் ஊர் தியொனீசியஸ் தன் நூலில் அதை முழுவதும் எடுத்தாண்டதால் பிழைத்தது. அதில் தேவி கேட்கிறாள்: "சாப்போ, உனக்கு அநீதி செய்வது யார்?" அந்த "யார்" கிரேக்கத்தில் "திஸ்". ஆணா பெண்ணா என்று காட்டாது. நம்முடைய "யார்" போலவே.

அடுத்து மூன்று வரிகளில் ஆறு வினைகள் வருகின்றன. விலகி ஓடினால், விரைவில் துரத்தும். பரிசுகளை வாங்காவிட்டால், கொடுக்கும். நேசிக்காவிட்டால், விரைவில் நேசிக்கும். ஆறு வினைக்கும் எழுவாய் இல்லை. யாரை விட்டு ஓடுவது, யாரைத் துரத்துவது, யாரை நேசிப்பது என்பதும் இல்லை. "பரிசுகள்" என்ற ஒரே ஒரு பெயர்ச்சொல்தான் அந்த மூன்று வரிகளிலும் உண்டு. பிறகு அந்தச் செய்யுளின் கடைசிச் சொல்: "எதெலொய்சா". விரும்பாமலேயே என்று சொல்ல வந்த இடம், ஆனால் அது பெண்பால் பார்ட்டிசிப்பிள். விரும்பாதவளாக இருந்தாலும்.

பாட்டு முழுவதிலும் காதலிக்கப்படுபவர் ஒரு பெண் என்று காட்டுவது அந்த ஒரு விகுதிதான். ஏட்டுப் பிரதிகளில் அந்த இடம் சிதைந்திருந்ததால் அறிஞர்கள் அதை வைத்து நிறையச் சண்டை போட்டார்கள். இன்று பெரும்பாலான பதிப்புகளில் பெண்பால்தான் நிற்கிறது.

யாரைத் துரத்தும் என்று சொல்லாததும் சும்மா விட்டதல்ல என்பது என் எண்ணம். "உன்னைத் துரத்துவாள்" என்று பலர் மொழிபெயர்த்துவிடுகிறார்கள். தேவி அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. துரத்தும், கொடுக்கும், நேசிக்கும் என்று மட்டும் சொல்கிறாள். அது சாப்போவையாகவும் இருக்கலாம். இன்று சாப்போ படும் பாட்டை நாளை அவள் வேறொருவரிடம் படுவாள் என்றும் இருக்கலாம். இடைவெளியை நிரப்பினால் இரண்டில் ஒன்று செத்துவிடும்.

#7 கடலோடி

அப்படியானால் தமிழில் இதை மொழிபெயர்க்கவே முடியாதே தங்கச்சி? "துரத்துவாள்" என்று முதல் வினையிலேயே உடைந்துவிடுமே. நீங்கள் மேலே "துரத்தும்" என்று எழுதியிருப்பதைக் கவனித்தேன். அது அஃறிணை போல ஒலிக்கிறதே?

#8 தறிநூல்

அந்தக் கேள்வியை நீங்கள் கேட்க வேண்டும் என்றுதான் காத்திருந்தேன் அண்ணா. "செய்யும்" என்னும் முற்று.

#9 கடலோடி

அடடா! "பல்லோர் படர்க்கை முன்னிலை தன்மையிற் செல்லாதாகும் செய்யுமென் முற்றே." பலர்பால், முன்னிலை, தன்மை ஆகியவற்றுக்குச் செல்லாது என்றால் மிச்சம் ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால், பலவின்பால் நான்குக்கும் செல்லும். அவன் வரும், அவள் வரும், அது வரும், அவை வரும். வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், இதற்கு இப்படி ஒரு பயன் இருக்கும் என்று தோன்றியதே இல்லை. "ஓடினால்", "வாங்காவிட்டால்" என்ற எச்சங்களுக்கும் பால் இல்லை. ஆக ஆறு வினையையும் பால் காட்டாமலே கொண்டுபோய், கடைசியில் "விரும்பாதவள் ஆயினும்" என்று திறக்கலாம்!

இன்றைய பேச்சு வழக்கில் "வரும்" அஃறிணையாகச் சுருங்கிவிட்டது உண்மைதான். ஆனால் பழைய பாட்டை மொழிபெயர்க்கும்போது பழைய முற்றைக் கையாள்வதில் தவறென்ன? இதற்காகவே கிரேக்கம் படிக்கலாம் போலிருக்கிறது.

#10 பழந்தாள்

நல்ல இடம். நான் பெயர்ச்சொல் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன், ஏனென்றால் தலைப்பில் அதுவும் இருக்கிறது.

கிரேக்கத்தில் ஆர்ட்டிகிள் கையில் இருந்தால் எதையும் பெயராக்கிவிடலாம். "நகரத்தில் உள்ள" என்ற தொடருக்கு முன்னால் "ஹொய்" என்ற பன்மை ஆர்ட்டிகிளை வைத்தால் நகரத்தார். "இப்போது" என்பதற்கு முன் வைத்தால் இக்காலத்தவர். தந்தை பெயரை ஆறாம் வேற்றுமையில் வைத்தால் மகன்: வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் தன்னைப் பற்றியே "துசிடிடிஸ், ஒலொரஸுடையவன்" என்றுதான் எழுதுகிறார், மகன் என்ற சொல் இல்லை. ஆசிரியர் வீட்டுக்குப் போவதற்கு "ஆசிரியருடையதுக்குள்". பாதாள உலகில் என்பதற்கு "ஹேடஸுடையதில்". வீடு என்பது எழுதப்படாது. அரிஸ்டாட்டிலின் மெட்டாபிசிக்ஸ் என்ற பெயரே "இயற்கை பற்றியவற்றுக்குப் பின் வருபவை" என்ற தொடர். எவை பின் வருகின்றன என்று சொல்லும் பெயர் அதில் இல்லை.

பெண்பால் ஆர்ட்டிகிள் தனித்து வரும்போது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி, அது ஒரு விடுகதை மாதிரி. "ஹே தெக்ஸியா", வலது. கை என்பது கிரேக்கத்தில் பெண்பால், ஆகவே வலக்கை. "மறு" என்று பெண்பாலில் வந்தால் மறுநாள், நாளும் பெண்பால்தான். "மிக விரைவான" என்றால் மிக விரைவான வழியில். "மூசிகே" என்றால் மூசைகள் என்னும் கலைத் தேவியருக்குரிய கலை; "தெக்னே", கலை, என்ற சொல் உதிர்ந்து அடைமொழி மட்டும் உலகம் சுற்றுகிறது. மியூசிக் என்று நாம் சொல்லும்போதெல்லாம் ஒரு கிரேக்கப் பெயர்ச்சொல்லைச் சொல்லாமல் விடுகிறோம்.

இந்த உதிர்வு அந்த மொழியில் நிற்கவே இல்லை. இன்றைய கிரேக்கத்தில் தண்ணீருக்கு "நெரோ". பழைய சொல் "ஹுதோர்". "புதிய நீர்" என்று சொல்லிச் சொல்லி, நீர் போய்ப் புதிய என்பது நின்றது. ஈரலுக்கு "சிகோட்டி": அத்திப்பழம் ஊட்டி வளர்த்த விலங்கின் ஈரல் ஒரு பண்டமாக இருந்தது, அதில் ஈரல் என்ற சொல் உதிர்ந்து அத்தி மிஞ்சியது. லத்தீனும் அதே வழியில் போனதால் பிரெஞ்சில் "ஃபுவா", இத்தாலியில் "ஃபெகாத்தோ" இரண்டிலும் இருப்பது அத்திதான். எலிக்கு "பொந்திகோஸ்", பொந்தஸ் நாட்டுக்குரியது. அங்கே உதிர்ந்த பெயர் "மூஸ்", நம் காதில் விழுந்த மூஷிகத்தின் உறவுச் சொல்.

#11 புதுக்கரை

நீண்ட நாள் வாசகர், முதல் பதிவு. மழை பெய்கிறது என்பதற்குக் கிரேக்கத்தில் "ஹுயெய்" என்று ஒற்றைச் சொல் போதும் என்று படித்தேன். அங்கே எழுவாய் எது? மழை என்பதா, வானமா? அல்லது எழுவாயே இல்லாத வாக்கியமா?

#12 பழந்தாள்

வாருங்கள் தம்பி. இதே கேள்வியைக் கி.மு. 423இல் ஏதென்ஸ் மேடையில் ஒருவர் கேட்டுவிட்டார்.

அரிஸ்டோபனிஸின் 'மேகங்கள்' நாடகம். சாக்ரடீஸ் பாத்திரம் "ஜீயஸா? ஜீயஸ் என்று ஒருவர் இல்லவே இல்லை" என்கிறது. கிழவர் ஸ்ட்ரெப்சியாடிஸ் திடுக்கிட்டுக் கேட்கிறார்: "அப்படியானால் பெய்வது யார்?" பதில்: "இவர்கள்தான்", அதாவது மேகங்கள்.

அந்தக் கிழவருக்கு "ஹுயெய்" என்ற வினைக்குள் ஒரு ஆள் இருக்கிறார். ஹோமரிலும் ஹெரோடோட்டஸிலும் ஜீயஸ் பெய்கிறார் என்றே வெளிப்படையாக வரும் இடங்கள் உண்டு. பிற்காலத்தில் பெயரைச் சொல்லாமல் வினையை மட்டும் சொன்னார்கள். நிலநடுக்கமும் அப்படித்தான்: துசிடிடிஸ் "எசெய்சென்" என்று மட்டும் எழுதுவார், "குலுக்கினான்" என்று சொல்லலாம், "குலுக்கியது" என்றும் சொல்லலாம். பொசைடன்தான் நிலத்தைக் குலுக்குபவர் என்பது கிரேக்கர்களின் பழைய நம்பிக்கை. துசிடிடிஸ் எழுதும்போது அவர் மனதில் பொசைடன் இருந்தாரா என்பதை அந்த வினை காட்டிக்கொடுக்காது. தமிழில் எழுதினால் ஆன் விகுதியோ அது விகுதியோ போட்டே தீர வேண்டும், போட்டால் அவருடைய சமயத்தைப் பற்றி நாம் தீர்ப்புச் சொன்னதாகிவிடும். நான் "நிலம் நடுங்கியது" என்று எழுதி ஒதுங்கிக்கொள்வேன்.

கடவுள் இல்லாத எழுவாய்களும் இதே வரிசையில் வரும். அனபாசிஸில் திரியேயன் என்ற ஊர் வரும்போது பாருங்கள் வெண்பலகை. கிலீசிய அரசிக்குச் சைரஸ் தன் படையைக் காட்டுகிறான். "ஊதியதும், கேடயங்களை முன்னே பிடித்து முன்னேறினார்கள்." ஊதியது யார் என்று செனபோன் சொல்வதில்லை. எக்காளம் ஊத ஒரு ஆள் இருப்பார், அந்த வேலையைச் செய்ய வேறு யாரும் இல்லை. அடுத்த நொடியில் வேகம் கூடி, கூச்சலோடு ஓட்டமாகி, அரசி வண்டியில் தப்பி ஓடுகிறாள், சந்தைக்காரர்கள் சரக்கைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். அந்த வேகத்துக்கு நடுவில் "எக்காளக்காரன்" என்று ஒரு சொல்லை வைத்துப் பாருங்கள், தடுக்கி விழும்.

#13 கடலோடி

இங்கே ஒரு அடிப்படைக் கேள்வி எழுகிறது ஐயா. விடுபட்டது, உதிர்ந்தது, எழுதப்படாதது என்று எல்லோரும் சொல்கிறோம். முழு வாக்கியம் ஒன்று முதலில் இருந்து, அதிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டார்கள் என்ற தொனி அதில் இருக்கிறது. "ஹுயெய்" சொன்னவன் மனதில் முழு வாக்கியம் இருந்ததா?

#14 பழந்தாள்

இதில் அறிஞர்களே இரண்டு கட்சி. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாம்பெர்ட் போஸ் என்ற டச்சுக்காரர் கிரேக்கத்தில் விடுபடும் சொற்களையெல்லாம் தொகுத்து ஒரு நூலே செய்தார். அந்த வழியில் போனவர்களுக்கு எங்கு பார்த்தாலும் ஏதோ ஒரு பெயர் விடுபட்டிருந்தது. அதற்குப் பின் லைப்சிக்கில் காட்ஃப்ரீட் ஹெர்மன் போன்றவர்கள் இந்த வெறியைக் கட்டுப்படுத்தினார்கள்.

என் கருத்து: "வலது" என்ற இடத்தில் கை விடுபட்டது என்று சொல்லலாம், ஏனென்றால் பெண்பால் ஆர்ட்டிகிள் அதைக் கைகாட்டி நிற்கிறது. "லெகோ" என்பதில் "நான்" விடுபட்டது என்று சொல்வது தவறு. அது வினைக்குள்ளேயே இருக்கிறது. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் புதிதாகப் படிப்பவர்கள் எல்லா இடத்திலும் பள்ளம் இருப்பதாகப் பயப்படுகிறார்கள்.

#15 தறிநூல்

ஐயா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். சொல்லாமல் இருப்பது மட்டுமே அடையாளமாகிவிடும் இடமும் உண்டு. "நோயுற்றிருப்பதாகச் சொன்னான்" என்று கிரேக்கத்தில் எழுதும்போது, நோயாளியைக் குறிக்கும் சொல்லே இல்லாவிட்டால் சொன்னவன்தான் நோயாளி. வேறொருவன் என்றால் அவனை இரண்டாம் வேற்றுமையில் சொல்லியாக வேண்டும்.

துசிடிடிஸ் இதை ஒரு இடத்தில் என்னமாகக் கையாள்கிறார்! கி.மு. 425, ஸ்பார்ட்டாவோடு நடந்த போரில் பைலொஸ் விவகாரம். தளபதி பொறுப்பில் இருக்கும் நிக்கியாஸை மக்கள் சபையில் கிளியோன் கிண்டலாகக் குறை சொல்கிறான். நிக்கியாஸ் "அப்படியானால் நீயே போய் நடத்து" என்கிறார். வாய்ப்பேச்சு என்று கிளியோன் நினைத்தான், உண்மையாகவே ஒப்படைக்கிறார் என்று தெரிந்ததும் பின்வாங்கி, தான் அல்ல, அவர்தான் தளபதி என்றான். கிரேக்கத்தில் "தான்" என்பது முதல் வேற்றுமையில், "அவரை" என்பது இரண்டாம் வேற்றுமையில். ஒரே வினைக்கு இரண்டு எழுவாய், இரண்டு வேற்றுமை, இரண்டு ஆள். பெயர் ஒன்றுகூட இல்லை. வழக்கமாகச் சொல்லாமல் விடுகிற "தான்" இங்கே வெளியே வந்து நிற்பதே அவன் பதறுகிறான் என்பதைக் காட்டிவிடுகிறது.

நமக்கும் "தான்" இருப்பதால் இதை ஏறக்குறைய அப்படியே தமிழில் சொல்ல முடிகிறது. ஆங்கிலத்தில் வாசித்தபோது இந்த வரி என்னைத் தொடவே இல்லை.

#16 வெண்பலகை

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரமாக இந்த இழையைத் திறந்து வைத்துக்கொண்டே படித்தேன். திரியேயன் வரை வந்துவிட்டேன், எக்காளம் ஊதியவரைத் தேடி நிற்கவில்லை.

ஒரு சின்ன மொழிபெயர்ப்பு முயற்சி. கி.மு. 480இல் தெர்மாபிலேயில் விழுந்த ஸ்பார்ட்டா (லாக்கெடைமோன்) வீரர்களுக்கு வைத்த கல்வெட்டு, ஹெரோடோட்டஸ் பதிந்து வைத்தது. இரண்டே வரி. முதலில் "நாங்கள் ஸ்பார்ட்டா வீரர்கள்" என்று தொடங்கி எழுதியிருந்தேன். அது கிரேக்கத்தில் இல்லை என்று கண்டு அடித்துவிட்டேன். "கெய்மெத" என்ற ஒரு வினைக்குள் அத்தனை பேரும் இருக்கிறார்கள். இப்போது இப்படி இருக்கிறது:

"வழிப்போக்கா, லாக்கெடைமோனியருக்குச் சொல்: இங்கே
கிடக்கிறோம், அவர்கள் சொல்லுக்குப் பணிந்து."

"பணிந்து" என்ற இடத்தில் கிரேக்கத்தில் ஆண்பால் பன்மை இருக்கிறது, தமிழில் அது கரைந்துவிடுகிறது. அக்கா சொன்ன அதே எதிர்ப்பக்கம். "பணிந்தவர்களாய்" என்று போட்டால் எண்ணாவது நிற்கும், ஆனால் வரி கனத்துவிடுகிறது. எதை விடலாம்?

#17 தறிநூல்

"பணிந்து" இருக்கட்டும். எண்ணைத்தான் "கிடக்கிறோம்" ஏற்கெனவே சொல்லிவிட்டதே. ஆண்பால் போனால் போகட்டும், இங்கே அது எதையும் திறந்து காட்டவில்லை, சாப்போவில் காட்டியது.

"நாங்கள்" என்பதை நீங்கள் அடித்ததற்கு இன்னொரு காரணமும் சொல்கிறேன். எழுதினால் நாமா நாங்களா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். உயிரோடு நிற்கும் வழிப்போக்கனைத் தள்ளி நிறுத்த "நாங்கள்" என்றுதான் எழுத முடியும். கிரேக்கத்தில் அந்தப் பிரிவே கிடையாது, உங்கள் வரியிலும் இப்போது இல்லை.

#18 கடலோடி

"சொல்" என்பதைச் "சொல்லிவிடு" என்று மாற்றிப் பாருங்களேன். கடந்து போகிறவனிடம் கேட்பது மாதிரி இருக்கும்.

#19 வெண்பலகை

மாற்றிவிட்டேன் ஐயா. அடுத்து சாப்போவின் அந்த மூன்று வரிகளைச் "செய்யும்" முற்றில் எழுதிப் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே போடுகிறேன்.